பத்துப் பேர் சேர்ந்தால்தான் திறக்கும் மருந்து

“மூணு வருஷத்துக்கு முன்ன போட்ட ஊசி இன்னமும் என் உடம்புல இருக்குதா, இல்ல தீர்ந்துபோச்சா சுடரு?”

என் மாமா கலியமூர்த்தி இப்படிக் கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் நான் உயிரியல் படித்தவள். நோய் எதிர்ப்புச் சக்தி பற்றிய கேள்விக்குப் படம் போட்டுப் பாகம் குறித்து முழு மதிப்பெண் வாங்கியவள். ஆனால் அந்த எதிர்ப்புச் சக்தி ஒரு மனிதனுக்குள் எத்தனை காலம் தங்கும் என்று எங்கள் புத்தகத்தில் இல்லை. சிறுநீரகம் மாற்றிக்கொண்ட ஒரு டெம்போ டிரைவருக்குள் எத்தனை காலம் தங்கும் என்று நிச்சயமாக இல்லை.

“தெரியல மாமா” என்றேன்.

“பன்னெண்டாவது முடிச்ச நீயே தெரியலன்னா, எட்டாவதோட நின்ன நான் யாரைப் போயி கேக்குறது?”

அவர் என்னைக் கிண்டல் செய்யவில்லை. உண்மையாகவே கேட்டார். அதன் பிறகு யார் யாரிடமோ போய்க் கேட்டார். அவருக்குக் கிடைத்த பதில்களைத்தான் இங்கே எழுதுகிறேன். கோபத்தில்தான் எழுதுகிறேன். ஆனாலும் புரியும்படி எழுத முயல்கிறேன்.

மாமா என் அம்மாவின் தம்பி. அவருடைய அப்பா பஞ்சாலையில் வேலை பார்த்தவர். ஆலை மூடப்பட்ட பிறகு வளர்ந்த பிள்ளை என்பதால் மாமா ஆலை வேலைக்கு ஆசைப்படவே இல்லை. மூலக்குளத்திலிருந்து ரெட்டியார்பாளையம் வழியாகப் பேருந்து நிலையம் வரை டெம்போ ஓட்டுகிறார். எங்கள் ஊர் டெம்போவில் ஏறியவர்களுக்கு அது எப்படி இருக்கும் என்று தெரியும். எதிரெதிராக உட்கார்ந்து முழங்காலோடு முழங்கால் இடித்துக்கொண்டு போக வேண்டும். டிரைவருக்கு இரண்டு பக்கமும் ஆள் ஒட்டிக்கொண்டு உட்காரும். யாராவது தும்மினால் அது யார் மேல் பட்டது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

இன்னொன்றும் தெரிந்திருக்கும். ஆள் நிரம்பாமல் டெம்போ கிளம்பாது. “ஓராள், ஓராள், ஒரே ஓராள்!” என்று கூவிக்கொண்டே இருப்பார்கள். உள்ளே இருப்பவர்கள் வியர்வையில் நனைந்தபடி திட்டுவார்கள். மாமா திரும்பிப் பார்த்துச் சிரிப்பார். “காலி சீட்டுக்கு ஒங்க மாமனாரா டீசல் ஊத்துவாரு?” என்பார். நிரம்பியதும்தான் சாவியைத் திருப்புவார். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கொரோனா ஊசி முதலில் வந்தபோது மாமா அதைப் போட்டுக்கொள்ள மறுத்தவர் என்று சொன்னால் இப்போது யாரும் நம்ப மாட்டார்கள். இருபத்தொன்றாம் ஆண்டு முடிவில் நம் புதுச்சேரியில் ஊசி கட்டாயம் என்று உத்தரவே போட்டார்கள். தெருத்தெருவாக, வீடுவீடாக வந்தார்கள். எங்கள் பகுதிக்கு வந்தவர் செந்தமிழ்ச்செல்வி சிஸ்டர். மாமா அவரைத் தூரத்தில் பார்த்ததுமே வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார். பிடிபட்டால் “போட்டுக்கிட்டேன் சிஸ்டர், ஒழவர்கரையில போட்டுக்கிட்டேன்” என்று வாய் கூசாமல் பொய் சொல்வார்.

ஒரு நாள் சிஸ்டர் ஸ்டாண்டில் பயணிகளோடு பயணியாக நின்று, மாமாவின் டெம்போவில் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். மடியில் நீல நிறக் குளிர்ப்பெட்டி.

“எங்கம்மா எறங்கணும்?” என்று முகத்தைப் பார்க்காமலே மாமா கேட்டிருக்கிறார்.

“கடைசி ஸ்டாப்பு. நீ எங்க எறங்குவியோ அங்க.”

பேருந்து நிலையத்தில் எல்லோரும் இறங்கிய பிறகும் அவர் இறங்கவில்லை. பெட்டியைத் திறந்தார். “ஒன் வண்டியில நான் வந்துட்டேன் இல்ல? இப்ப கையைக் காட்டு.” மாமா பக்கத்து டெம்போக்காரர்களைப் பார்த்தார். எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கையைக் காட்டினார்.

அந்தக் கதையைச் சொல்லித்தான் ஸ்டாண்டில் இன்று வரை அவரைக் கேலி செய்கிறார்கள். ஓடியவனையும் மடக்கிப் பிடித்து ஊசி போட்ட ஊர் இது. அதனால்தான் பிறகு நடந்தது எனக்குப் பொறுக்கவில்லை.

அடுத்த ஆண்டே மாமாவின் இரண்டு சிறுநீரகங்களும் கெட்டுவிட்டன. கவனிக்காமல் விட்ட ரத்த அழுத்தம். வாரம் தவறாமல் டயாலிசிஸ். முகமெல்லாம் வீங்கி, சோறு இறங்காமல், நாக்கு நனையும் அளவுக்கு மட்டும் தண்ணீர் குடித்து அவர் இருந்த இருப்பைப் பார்த்து, லட்சுமி அத்தை தன் சிறுநீரகத்தில் ஒன்றைக் கொடுத்தார். மாமாவின் மனைவி அவர். வீட்டில் யாரிடமும் யோசனை கேட்கவில்லை. நேராக டாக்டரிடம் போய் “என்னோடது சேருமா பாருங்க” என்று சொன்னவர். அறுவைக்கு முன்பு மூன்றாவது கொரோனா ஊசியும் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். அப்போது சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைத்தது. மாமா ஓடாமல் போய்ப் போட்டுக்கொண்டார்.

அத்தை கொடுத்தது நன்றாக வேலை செய்கிறது. ஆனால் அதை மாமாவின் உடம்பு வெளியாள் என்று நினைத்துத் தாக்காமல் இருக்க, தினமும் காலையும் மாலையும் மாத்திரை போட வேண்டும். அந்த மாத்திரை உடம்பின் எதிர்ப்புச் சக்தியை மட்டுப்படுத்தி வைக்கிறது. அதனால் நமக்கு மூன்று நாள் சளியாகப் போவது அவருக்கு ஆஸ்பத்திரியில் போய் முடியலாம்.

இரண்டாயிரத்து இருபத்தைந்து மே மாதம் கொரோனா மறுபடியும் ஏறுகிறது என்று டிவியில் சொன்னார்கள். எங்கள் தெருவில் யாரும் சட்டை செய்யவில்லை. ஆனால் மாமா பரிசோதனைக்குப் போகும் இடத்தில் முருகையன் என்று ஒருவர் வருவார். அவருக்குத் தம்பி சிறுநீரகம் கொடுத்திருந்தார். மாமாவும் அவரும் வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, எந்த மாத்திரைக்கு வாய் கசக்கிறது என்று பேசிப் பழகியவர்கள். ஜூன் மாதம் போனபோது முருகையன் வரிசையில் இல்லை. கொரோனா வந்து, நுரையீரல் கெட்டு, எப்படியோ பிழைத்துவிட்டார். ஆனால் தம்பி கொடுத்த சிறுநீரகம் போய்விட்டது. மறுபடியும் டயாலிசிஸ் வார்டில் இருந்தார். மாமா போய்ப் பார்த்தபோது அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாராம்.

“எங்கிட்ட பேசவே இல்ல. எந்தம்பி மூஞ்சியில எப்படி முழிப்பேன்னு மட்டும் சொன்னாரு” என்றார் மாமா. அன்றைக்குத்தான் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

என்னால் சொல்ல முடியாத பதிலைச் சிறுநீரக டாக்டர் சொன்னார். அத்தையோடு நானும் போயிருந்தேன்.

“அந்த ஊசியோட பாதுகாப்பு நாள் ஆக ஆகக் குறையும். நீங்க சாப்புடுற மாத்திரைக்கு இன்னும் சீக்கிரம் குறையும். மூணு வருஷம் ஆச்சுன்னா, அதை நம்பி உட்கார முடியாது.”

“அப்ப இன்னொண்ணு போட்டுக்கட்டுமா சார்?”

“போட்டா நல்லதுதான். சுத்தமா வராம தடுத்துடும்னு சொல்ல மாட்டேன். வந்தா இந்த அளவுக்கு முத்தாம பார்த்துக்கும்.”

“ஊசி போட்டு உடம்பை உசுப்பி வுட்டா, இவ குடுத்தத அதுவே தொரத்திடாதா?”

“அந்தப் பயம் வேணாம். கொரோனா வர்றதுதான் பயம்” என்றார் டாக்டர். பிறகு குரலைத் தாழ்த்தி, “ஆனா இப்ப எங்க கிடைக்கும்னு எனக்கே தெரியல. விசாரிச்சுப் பாருங்க” என்றார்.

இருந்தும் மாமா உடனே முடிவு செய்யவில்லை. போன தடவை ஊசி போட்டு இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்தது நினைவுக்கு வந்தது. முகக்கவசம் போட்டு ஓட்டினால் போதும் என்று நினைத்தார். போட்டுக்கொண்டு ஸ்டாண்டுக்குப் போனார். நடந்ததை நான் கண்ணால் பார்த்தேன். கையில் பையோடு வந்த ஒரு பெண் முன் சீட்டில் ஏறக் காலை வைத்தவள், மாமாவின் முகத்தைப் பார்த்ததும் காலை எடுத்துக்கொண்டாள்.

“டிரைவருக்கே இன்னாவோ சீக்கு போல. பின்னாடி வண்டியில போயிடலாம் வா” என்று மகளை இழுத்துக்கொண்டு போனாள்.

அவளைத் தொடர்ந்து மற்றவர்களும் போனார்கள். பின்னால் நின்றது அருள்முருகன் அண்ணனின் வண்டி. அவர் மாமாவுக்குச் சிறுவயதுக் கூட்டாளி. வாய்க்குப் பூட்டே கிடையாது.

“யோவ் கலியா, கோமணத்த எடுத்து மூஞ்சியில கட்டிக்கினு வந்தா எவன்யா ஏறுவான்? கழட்டுய்யா. ஒன்னால எனக்கு ஓவர்லோடு.”

மாமா கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார். சீக்கு வராமல் இருக்கப் போட்டுக்கொண்டவனைச் சீக்காளி என்று சொல்லி ஒதுங்குகிறார்கள். அன்று சாயங்காலம் கவசம் இல்லாத அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் மூலக்குளம் வரை இருமிக்கொண்டே வந்தார். வாயைக்கூட மூடவில்லை. மாமா சிக்னலில் எல்லாம் வெளியே தலையை நீட்டி மூச்சு விட்டிருக்கிறார். வீட்டுக்கு வந்து அதைச் சொன்னதும் அத்தை வெடித்துவிட்டார்.

“வயித்தக் கிழிச்சி ஒனக்குக் குடுத்தது, போற வர்றவன் இருமிக் கெடுக்கறதுக்கா? வண்டிய வித்துட்டு வூட்ல குந்து.”

“வூட்ல குந்துனா யாருடி சோறு போடுவா? ஒங்கப்பனா?”

“அப்ப ஊசியப் போடு.”

“காய்ச்ச வந்தா?”

“ரெண்டு நாள் காய்ச்சலுக்கு நான் கஞ்சி வைக்கிறேன். டயாலிசிசுக்கு எங்கிட்ட இன்னொண்ணு இல்ல.”

மாமா மறுநாள் வண்டியை ஓரம் கட்டிவிட்டுச் சுகாதார நிலையத்துக்குப் போனார். முடிவு செய்வதுதான் கஷ்டம், போட்டுக்கொள்வது சுலபம் என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம்.

சுகாதார நிலையத்தில் சீட்டு கொடுக்குமிடத்தில் இருந்தவர் சிரித்தார். “கொரோனா ஊசியா? இன்னும் அதையே புடிச்சிக்கினு இருக்கீங்களா? அதெல்லாம் முடிஞ்சி எத்தினி நாளாச்சு” என்றார். வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். கட்டாயம் என்று சொல்லி விரட்டிய காலத்தில் ஓடியபோதும் சிரித்தார்கள். கேட்டு வந்தபோதும் சிரிக்கிறார்கள். எனக்கு அங்கேயே சண்டை போட வேண்டும் போல இருந்தது. மாமா என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார்.

செந்தமிழ்ச்செல்வி சிஸ்டர் குழந்தைகளுக்குப் போடும் ஊசிக்காக உட்கார்ந்திருந்தார். மாமாவை அடையாளம் தெரிந்தது.

“என்னாப்பா, நீயா ஊசி கேட்டு வந்த? வண்டிய எடுத்துக்கினு ஓடுவியே!”

“அதான் சிஸ்டர். இப்ப நான் தொரத்துறேன், அது ஓடுது.”

விஷயத்தைச் சொன்னதும் அவர் சிரிப்பு நின்றது. “இங்க சப்ளை வர்றதே இல்லப்பா. எனக்கே போட்டு மூணு வருஷத்துக்கு மேல ஆவுது. எனக்கும் சுகர் இருக்கு. கேட்டா மேல இருந்து பதிலே வராது.” பிறகு, நகரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் காசுக்குக் கிடைப்பதாகக் கேள்விப்பட்டேன் என்று வழி சொன்னார். அந்த ஆஸ்பத்திரியின் பெயரை நான் எழுதப்போவதில்லை.

அங்கே மருந்தகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டு, “இருக்கு” என்றார். மாமாவின் முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

“ஆனா ஒரே ஒரு வயல், ஒரே ஒரு குப்பிதான் சார் இருக்கு. ஒரு வயல்ல பத்து டோஸ். திறந்தா சில மணி நேரத்துல முடிச்சாகணும். பத்துப் பேர் சேர்ந்தாத்தான் திறப்போம்.”

“மீதிப் பேரு எப்ப வருவாங்க மேடம்?”

“யாரும் கேக்குறதில்ல சார். நீங்கதான் ரொம்ப நாளைக்கு அப்புறம் கேக்குறீங்க. ஆள் இருந்தா கூட்டிட்டு வாங்க, போட்டுடலாம்.”

மாமா அவரையே சிறிது நேரம் பார்த்தார். “இன்னா மேடம், ஊசியையும் ஷேர் டெம்போ ஆக்கிட்டீங்களா?” என்றார். அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. அடுத்தவரைக் கூப்பிட்டார்.

வெளியே வந்து எனக்குக் கோபம் தாங்கவில்லை. “மாமா, ஒனக்குத்தான் அவசியம்னு டாக்டரே சொல்றாரு. அவசியமில்லாத ஒம்போது பேரை எங்க தேடுறது?” என்றேன். மாமா என்னைவிட அமைதியாக இருந்தார். ஆள் சேர்ப்பது அவருடைய தொழில். தினமும் பத்துப் பதினைந்து தடவை அதைத்தான் செய்கிறார். “நெறச்சிடலாம் வுடு” என்றார்.

அடுத்த மூன்று வாரமும் டெம்போவில் அவர் செய்த வேலை அதுதான். ஏறுகிறவர்களிடம் எல்லாம் கேட்டார். ஒருவர், அந்த ஊசியால்தான் தன் பங்காளி மாரடைப்பில் போனான் என்று அடித்துச் சொன்னார். எந்த வருடம் போட்டார், எந்த வருடம் போனார் என்று மாமா கேட்டதற்கு, “அதெல்லாம் தெரியாது, ஆனா அதனாலதான்” என்றார். இன்னொருவர், “ஒனக்கு எவ்ளோ கமிஷன்?” என்று கேட்டார். அருள்முருகன் அண்ணன் ஸ்டாண்டில் நின்று, “கலியன் டெம்போ, ஊசி ஸ்பெஷல்! ஏறுனவன் எறங்க மாட்டான்!” என்று கூவினார்.

கேலிக்கு நடுவிலும் ஆட்கள் சேர்ந்தார்கள். மாமா, அத்தை, நான். எனக்கு இப்போது அவசியமில்லை என்று சிஸ்டரே சொன்னார். போட்டால் கெடுதல் இல்லை என்றும் சொன்னார். மாமாவுக்காக ஒரு கை என்று நினைத்துக்கொண்டேன். சிஸ்டரே “என்னையும் சேத்துக்க” என்றார். மீன் கூடையோடு தினமும் ஏறும் ராஜாம்பாள் அக்காவுக்குச் சர்க்கரையும் இளைப்பும் உண்டு. “மொத அலையில எம்புருசன எடுத்துக்கினு போச்சி. என்னை ஏன் எவனும் கேக்கல? கேட்டிருந்தா வந்திருப்பேனே” என்றார். தன்னோடு மார்க்கெட்டில் உட்காரும் இரண்டு பேரையும் அழைத்து வருவதாகச் சொன்னார்.

ரெட்டியார்பாளையத்தில் ஏறும் சொல்தா ஐயாவும் ஒத்துக்கொண்டார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். அவர் சொன்னதுதான் எனக்கு இன்னும் எரிகிறது.

“எம்பொண்ணு பிரான்சுல இருக்கா. அவ மாமியாருக்கு வருஷா வருஷம் குளுருக்கு முன்னாடி கூப்ட்டு இந்த ஊசி போடுறாங்க. வயசானவங்களுக்கும் சீக்காளிங்களுக்கும் ஓசி. பத்துப் பேரு சேர்றதுக்குள்ள இங்க நாம செத்துப் பொழைக்கணும் போல.”

அந்தப் பாட்டியம்மா எங்கள் ரெட்டியார்பாளையத்தில் பிறந்தவராம். அங்கே போய்விட்டதால் அவருக்கு வருடாவருடம் கிடைக்கிறது. இங்கே தங்கிவிட்டதால் என் மாமாவுக்கு இல்லை. உடம்பு ஒன்றுதானே? பாதுகாப்பு குறைவதும் ஒன்றுபோலத்தானே குறைகிறது?

சொல்தா ஐயாவின் வீட்டில் வேலை பார்க்கும் அம்மாவோடு ஒன்பது ஆனது. பத்தாவது ஆள் மட்டும் கிடைக்கவே இல்லை. மாமா ஸ்டாண்டில் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு நாள் அருள்முருகன் அண்ணன் வண்டியைத் துடைத்துக்கொண்டே, “ஓராளுதானே? என்னைப் போட்டுக்க” என்றார்.

“நீயா? ஏறுனவன் எறங்க மாட்டான்னு சொன்ன?”

“ஒனக்காவ ஒண்ணும் இல்லய்யா. லட்சுமி தங்கச்சிக்காவ. அது ஒடம்புல இருந்து எடுத்துக் குடுத்துருக்குது. நான் கை நீட்ட மாட்டனா?”

சனிக்கிழமை காலை மாமாவின் டெம்போவில் பத்துப் பேரும் ஏறினோம். மாமா எல்லோரையும் முகக்கவசம் போடச் சொன்னார், ராஜாம்பாள் அக்கா முந்தானையால் கட்டிக்கொண்டார். பாதையில் கை காட்டியவர்களிடம் அருள்முருகன் அண்ணன், “ஃபுல்லு, ஃபுல்லு! ஊசிக்குப் போவுது!” என்று கத்திக்கொண்டே வந்தார். எல்லோரும் சிரித்தோம். மாமாவும் சிரித்தார். ஏதோ கல்யாணத்துக்குப் போவது போல இருந்தது.

மருந்தகத்தில் அதே பெண் இருந்தார். பத்துப் பேரைப் பார்த்து அவருக்கே ஆச்சரியம். “நிஜமாவே கூட்டிட்டு வந்துட்டீங்களா!” என்று எழுந்து போய்க் குளிர்ப்பெட்டியைத் திறந்தார். ஒரு சிறிய கண்ணாடிக் குப்பி. கட்டை விரல் அளவுகூட இல்லை. அதை விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். மறுபடியும் திருப்பிப் பார்த்தார். உள்ளே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்தார்.

“சார், இது எக்ஸ்பைரி ஆயிடுச்சு.”

“இன்னாது?”

“போன மாசக் கடைசியோட தேதி முடிஞ்சிருக்கு. போட முடியாது சார். வேற ஸ்டாக் இல்ல. வருமான்னும் தெரியல.”

மாமாதான் கேட்டார். “நான் மொதல்ல வந்து கேட்டன்ல, அன்னிக்கி இது நல்லாத்தானே இருந்துச்சு?”

“இருந்துச்சு சார்.”

“அன்னிக்கே தொறந்து எனக்கு ஒண்ணு போட்டிருந்தா?”

“மீதி ஒம்போது வீணாப் போயிருக்கும் சார். ரூல்ஸ் அப்படி.”

ராஜாம்பாள் அக்காவால் பொறுக்க முடியவில்லை. “இப்ப மட்டும் என்னா பண்ணப் போற தாயி? பத்தும் சேத்துக் குப்பையிலதானே கொட்டப் போற?” என்று கேட்டார். அந்தப் பெண் குப்பியை ஒரு தட்டில் தனியாக வைத்தார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் தனக்குச் சொல்லிக்கொடுத்ததைச் செய்கிறவர். ஒருவன் உயிருக்குத் தேவை என்று டாக்டர் சொல்லிவிட்ட மருந்தை, ஆள் நிரம்பவில்லை என்று மூடியே வைத்து, மூடியபடியே கெட விடுவதற்கு யார் விதி எழுதினார்களோ அவர்கள் மேல்தான் கோபம். தேதி முடியப்போகிறது என்று ஒரு போன் செய்யக்கூட யாருக்கும் தோன்றவில்லை. மாமா தன் எண்ணைக் கொடுத்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

மாமா அங்கேதான் சத்தம் போட்டார். அவர் வெளியிடத்தில் அப்படிக் கத்தி நான் பார்த்ததில்லை.

“நானும் ஆள் நெரம்பாம வண்டி எடுக்க மாட்டேன் மேடம். நாலு காசு பாக்கணும். ஆனா வலி எடுத்த பொம்பள ஒருத்தி ஏறுனா, நெரம்பட்டும்னு நிப்பனா? ஒத்த ஆளோட ஆஸ்பத்திரிக்கி எடுத்துக்கினு வருவேன். எங்க ஸ்டாண்டுல எவன வேணா கேளு!”

பாதுகாவலர் வந்து, “சத்தம் போடாதீங்க, பேஷண்ட் இருக்காங்க” என்றார். “நானும் பேஷண்ட்தான்யா!” என்றார் மாமா. பிறகு சட்டென்று வாயை மூடிக்கொண்டு வெளியே நடந்தார். அத்தை அவர் பின்னால் போனார்.

திரும்பி வரும்போது யாரும் சிரிக்கவில்லை. ஒவ்வொருவராக அவரவர் இடத்தில் இறங்கினார்கள். சிஸ்டர் இறங்கும்போது, “நான் மேல எழுதிப் போடுறேன். தமிழ்நாட்டுப் பக்கம் எங்கயாவது இருக்குதான்னும் கேக்குறேன்” என்றார். எழுதினார். இதை நான் எழுதும் வரை பதில் வரவில்லை. சென்னையில் இரண்டு இடத்தில் விசாரித்தோம். இல்லை என்றார்கள்.

அதனால் என் மாமாவிடம் இப்போது இருப்பது அந்த முகக்கவசம் ஒன்றுதான். மறுநாள் முதல் அதைக் கழற்றாமல் ஓட்டுகிறார். ஆள் ஏறாவிட்டாலும் பரவாயில்லை என்று முடிவு செய்துவிட்டார். ஊசி பற்றிய முடிவை அவரிடம் விட்டார்கள், ஆனால் ஊசியைத் தரவில்லை. கவசத்தைக் கழற்றுவதில்லை என்ற இந்த முடிவு ஒன்றுதான் அவர் கையில் மிஞ்சியது. டெம்போ நிரம்ப முன்பைவிட இரண்டு மடங்கு நேரமாகிறது. சில சமயம் பாதி வண்டியோடு கிளம்புகிறார். அருள்முருகன் அண்ணன் இப்போது கோமணம் என்று சொல்வதில்லை. தன் வண்டிக்கு வருகிறவர்களை, “முன்னாடி நிக்கிறான் பாரு, அதுல ஏறு. அவனுக்கு ஒண்ணும் இல்ல, ஒனக்கு இருந்தாத்தான் அவனுக்கு வரும்” என்று தள்ளிவிடுகிறார். பாதிப் பேர் கேட்கிறார்கள்.

மாமா கேட்ட கேள்விக்கு இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. அந்த ஊசியை இனி நம்ப முடியாது. அதைப் புதுப்பித்துக்கொள்ள அவருக்கு இன்னும் வழி திறக்கவில்லை. வழி திறக்கும் வரை அத்தை கொடுத்ததைக் காப்பாற்றுவது அவர் கையில் மட்டும் இல்லை. அவர் பக்கத்தில் உட்காருகிறவர் கையிலும் இருக்கிறது.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன். மூலக்குளம் டெம்போவில் முகக்கவசம் போட்ட டிரைவரைப் பார்த்தால் விலகிப் போகாதீர்கள், ஏறுங்கள். இருமல் வந்தால் வாயை மூடிக்கொள்ளுங்கள், உடம்பு சரியில்லை என்றால் நீங்களும் ஒரு கவசம் போட்டுக்கொள்ளுங்கள். வேறு தடத்தில், வேறு ஊரில் இருப்பவர்களும் இப்படி ஒருவரைப் பார்த்தால் இதையே செய்யுங்கள். அந்தப் பெண் பையைத் தூக்கிக்கொண்டு பின் வண்டிக்குப் போனபோது அவளுக்கு இந்தக் கதை தெரியாது. நீங்கள் தெரிந்துகொண்டீர்கள். உங்கள் பக்கத்து சீட்டில் உட்காருகிறவருக்கும் சொல்லுங்கள்.